குட்டி காருக்குக் கொடுக்கு வைத்தவர்: யார் இந்த கார்லோ அபார்த்?

1958-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். இத்தாலியின் புகழ்பெற்ற மோன்ஸா ரேஸ் டிராக்கில் ஒரு கார் சுற்றிக்கொண்டே இருந்தது. ஃபெராரி இல்லை, மசராட்டியும் இல்லை. உயரமான ஒருவர் பக்கத்தில் நின்றால் அவர் மார்பளவுக்குத்தான் வரும் ஃபியட் 500.

ஒரு நாள், ரெண்டு நாள் இல்லை. ஏழு பகல், ஏழு இரவு. டிரைவர்கள் மாறி மாறி ஓட்ட, மொத்தம் 168 மணி நேரம் ஓடிய அந்தக் கார் 18,186 கிலோமீட்டரைக் கடந்தது. சராசரி வேகம் மணிக்கு 108 கி.மீ. ஷோரூமில் இருந்து வெளியே வரும் சாதாரண ஃபியட் 500-ஐ எவ்வளவு மிதித்தாலும் மணிக்கு 85 கி.மீ.தான் போகும். அதன் உச்ச வேகத்தைவிட இந்தக் காரின் சராசரி வேகம் அதிகம்! ஒரே வாரத்தில் 6 சர்வதேச சாதனைகள்.

அந்தக் காரைத் தயார் செய்தவர் கார்லோ அபார்த். பழைய சின்ன கார்களை வாங்கி, இன்ஜினை மாற்றி, ராக்கெட் மாதிரி பறக்க விடும் ஆர்வலர்கள் இன்று உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இவர்தான் குலசாமி. அப்படி என்னதான் செய்தார் இந்த மனிதர்? பார்க்கலாம்.

வியன்னாவில் பிறந்த கார்ல்

1908 நவம்பர் 15 அன்று ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் பிறந்தார். அப்போது பெயர் கார்ல். பின்னாளில் இத்தாலியில் குடியேறிய பிறகுதான் கார்லோ ஆனார். பிறந்த தேதிப்படி ராசி விருச்சிகம், அதாவது தேள். பிற்காலத்தில் அவர் கம்பெனியின் சின்னமாக ஒரு தேள் வந்து உட்கார்ந்ததற்கு இதுதான் காரணம்.

கார்லோவுக்கு முதல் காதல் கார் மேல் இல்லை, பைக் மேல். மெக்கானிக்காக வேலை பார்த்துக்கொண்டே 20 வயதுக்குள் பைக் ரேஸில் ஜெயிக்க ஆரம்பித்தார். ஒரு பெரிய விபத்துக்குப் பிறகு சைடுகார் வைத்த பைக்குக்கு மாறினார். அதையும் தானே வடிவமைத்தார்.

1934-ல் அவர் செய்த ஒரு காரியம் அன்றைய ஐரோப்பாவில் பெரிய பேச்சு. வியன்னாவில் இருந்து பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் வரை சுமார் 1,300 கி.மீ. ஓடும் எக்ஸ்பிரஸ் ரயிலோடு தன் சைடுகார் பைக்கில் போட்டி போட்டு ஜெயித்தார். சின்ன வண்டியை வைத்துக்கொண்டு பெரிசை முந்துவது. அவர் வாழ்க்கை முழுக்க இந்த ஒரு விஷயம்தான் திரும்பத் திரும்ப வரும்.

1930-களின் இறுதியில் யூகோஸ்லாவியாவில் மீண்டும் ஒரு மோசமான விபத்து. பைக் ரேஸ் வாழ்க்கை அதோடு முடிந்தது. இரண்டாம் உலகப் போர் முடியும்வரை அங்கேயே தங்கிவிட்டார்.

கண்ணெதிரே கவிழ்ந்த கம்பெனி

போர் முடிந்ததும் இத்தாலிக்கு வந்தார். போர்ஷே குடும்பத்தோடு அவருக்கு ஏற்கெனவே பழக்கம் இருந்தது. அந்தத் தொடர்பு வழியாக, டூரினில் பியரோ டுசியோ என்ற தொழிலதிபர் நடத்திய சிசிடாலியா கம்பெனியில் ரேஸ் பிரிவைக் கவனிக்கும் பொறுப்பு கிடைத்தது.

சிசிடாலியாவின் ஐடியா எளிமையானது. ஃபியட் 1100 என்ற சாதாரண காரின் இன்ஜினையும் பாகங்களையும் எடுத்து, எடை குறைந்த ரேஸ் கார் செய்வது. இது நன்றாகவே வேலை செய்தது. ஆனா டுசியோவுக்கு அது போதவில்லை. கிராண்ட் பிரீ பந்தயத்துக்கு 12 சிலிண்டர், நான்கு சக்கர இழுவை கொண்ட ஒரு பிரம்மாண்ட காரை போர்ஷேவிடம் வடிவமைக்கச் சொன்னார். அதற்கான செலவு கம்பெனியையே விழுங்கிவிட்டது. டுசியோ அர்ஜென்டினாவுக்குக் கிளம்பினார்.

சம்பள பாக்கிக்குப் பதிலாக அபார்த் கைக்கு வந்தவை சில ரேஸ் கார்களும் உதிரி பாகங்களும்தான். அவற்றை வைத்து 1949 மார்ச் 31 அன்று, அர்மாண்டோ ஸ்காக்லியாரினி என்ற நண்பரின் முதலீட்டுடன் ‘அபார்த் அண்ட் கோ’ பிறந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், 57 வயதான ரேஸ் ஜாம்பவான் தாஸியோ நுவோலாரி தன் கடைசிப் பந்தயத்தை ஓட்டியது அபார்த் காரில்தான். சிசிலியில் நடந்த அந்த மலையேற்றப் பந்தயத்தில் தன் பிரிவில் முதலிடம் பிடித்தார்.

சோறு போட்ட சைலன்சர்

பேர் கிடைத்தது. ஆனா ரேஸில் ஜெயிப்பதால் மட்டும் சம்பளம் கொடுக்க முடியாது. அபார்த் கண்டுபிடித்த வழி, சைலன்சர்.

இன்ஜின் என்பது மூச்சு விடும் ஒரு இயந்திரம். காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும், எரியும், புகை வெளியே வரும். பழைய புகை முழுசா வெளியேறினால்தான் புது காற்றுக்கு இடம் கிடைக்கும். கம்பெனி பொருத்தும் சைலன்சர் சத்தத்தை அடக்குவதற்காகப் புகையின் வழியை அடைக்கும். அபார்த்தின் சைலன்சர் அந்தத் தடையைக் குறைத்தது. இன்ஜினைத் திறக்காமலேயே கொஞ்சம் கூடுதல் சக்தி, கூடவே கம்பீரமான சத்தம்.

கறுப்பு நிறம், முனையில் பளபளக்கும் குரோம் குழாய் என்று பார்க்கவும் கெத்தாக இருந்தது. இதைப் பணக்காரர்களின் காருக்கு மட்டும் அவர் செய்யவில்லை. மாதச் சம்பளக்காரர் ஓட்டும் ஃபியட்டுக்கும் செய்தார். காரை மாற்ற வசதி இல்லாதவர்கூட ஒரு சைலன்சரை மாற்ற முடியும், இல்லையா? இதுதான் அவர் பிடித்த நாடி. 1960-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் சைலன்சர்கள் தயாராகி, பெரும்பகுதி வெளிநாடுகளுக்குப் போனது.

ஃபியட் 600: ரகசியம் என்ன?

1955-ல் ஃபியட் 600 வந்தது. போருக்குப் பிறகு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த இத்தாலியக் குடும்பங்களைக் காருக்குள் உட்கார வைத்த வண்டிகளில் முக்கியமானது. பின்பக்கம் 633 சிசி இன்ஜின், சுமார் 22 குதிரைத்திறன். பிள்ளைகளை ஸ்கூலில் விட, சந்தைக்குப் போக, இது தாராளம்.

அபார்த் அதை வேறு கண்ணால் பார்த்தார். வண்டி எடை ரொம்பக் குறைவு. அப்படியென்றால் சக்தியைக் கொஞ்சம் கூட்டினாலே வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியும்.

அவர் செய்தது இதுதான். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 56 மில்லிமீட்டராக இருந்தது. வேறு கிராங்க்‌ஷாஃப்ட் போட்டு அதை 64 ஆக்கினார். சிலிண்டரின் அகலத்தை 60-ல் இருந்து 61 மில்லிமீட்டராக, அதாவது ஒரே ஒரு மில்லிமீட்டர் கூட்டினார். 633 சிசி இன்ஜின் 747 சிசி ஆனது. பெரிய கார்புரேட்டர், கூடுதல் கம்ப்ரஷன், தன்னுடைய சைலன்சர். எல்லாம் சேர்ந்து சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இதுதான் ‘அபார்த் 750’. சகாடோ என்ற பாடி தயாரிப்பாளர் இதற்காக ஓர் அழகான உடலும் செய்தார். காரின் கூரையில் ரெண்டு புடைப்புகள் இருக்கும். ஓட்டுபவர், பக்கத்தில் இருப்பவர் இருவர் தலையும் இடிக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

அதே 600-ல் இருந்து 1961-ல் 850 டிசி, பிறகு 1000 டிசி என்று வரிசையாக வந்தன. ரேஸில் இவற்றை அடையாளம் காண்பது சுலபம். பின்பக்க இன்ஜின் மூடி எப்போதும் திறந்தே இருக்கும். மூட மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இன்ஜின் சூடு வெளியேற வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படித் திறந்து வைத்தார்கள். இன்றும் ஆர்வலர்கள் தங்கள் ஃபியட் 600-ன் மூடியைக் கம்பி கொடுத்துத் தூக்கி வைப்பது இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

பெட்டிக்குள் ஒரு ரேஸ் கார்

1957-ல் வந்த ஃபியட் 500 இன்னும் சின்னது. ரெண்டே சிலிண்டர், 479 சிசி, 13 குதிரைத்திறன். ஆரம்பத்தில் விற்பனை மந்தம். ‘இதெல்லாம் ஒரு காரா’ என்ற பார்வை இருந்தது. அந்த நேரத்தில்தான் அபார்த் அதே 500-ஐ 26 குதிரைத்திறனுக்கு ஏற்றி மோன்ஸாவில் ஏழு நாள் ஓட விட்டார். அந்த ஓட்டத்துக்குப் பிறகு குட்டி காரைப் பற்றிய பேச்சின் தொனியே மாறியது.

1963-ல் ‘அபார்த் 595’ வந்தது. அதற்குள் 499 சிசிக்கு வளர்ந்திருந்த ஃபியட் 500-ன் சிலிண்டர்களை அகலமாக்கி 594 சிசி ஆக்கினார். 27 குதிரைத்திறன், மணிக்கு 120 கி.மீ. வேகம். அடுத்து வந்த 695 எஸ்எஸ் மணிக்கு 140 கி.மீ. போனது.

இதில் சுவாரஸ்யமான விஷயம், முழு காரைத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேவையான பாகங்கள் எல்லாம் ஒரு மரப்பெட்டியில் கிட்டாகக் கிடைத்தன. ஏற்கெனவே 500 வைத்திருப்பவர் அந்தப் பெட்டியை வாங்கி, தெரு முனை மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டிக்கொள்ளலாம். கையில் கொஞ்சம் காசு இருந்தால் சைலன்சர், இன்னும் கொஞ்சம் இருந்தால் கிட், நிறைய இருந்தால் முழு கார். வேகத்தைத் தவணை முறையில் விற்ற வியாபாரி என்றே அவரைச் சொல்லலாம்.

ஃபியட் கம்பெனிக்கும் இதில் லாபம். தங்கள் கார்களை முழுதாக முடிக்காமலேயே அபார்த்துக்கு அனுப்பியது. அபார்த் கார் ஒவ்வொரு முறை ஜெயிக்கும்போதும் ஃபியட் அவருக்குப் பணம் கொடுத்தது. அதனால்தான் சின்ன மலைப் பாதைப் பந்தயமாக இருந்தாலும் விடாமல் கலந்துகொண்டார். மொத்த வெற்றிகள் ஆயிரக்கணக்கில் போயின.

ஆப்பிள் சாப்பிட்டு ஒரு சாதனை

1965 அக்டோபர். அபார்த்தின் வயது 56. நூறாவது சாதனையைத் தானே ஓட்டிப் படைக்க ஆசைப்பட்டார். ஒரே ஒரு சிக்கல். அந்த ஒற்றை இருக்கை காருக்குள் அவர் நுழையவே முடியவில்லை.

காரை அகலமாக்கச் சொல்லியிருக்கலாம். அவர் தன்னைக் குறைத்துக்கொண்டார். ஆப்பிளை முக்கிய உணவாக வைத்து 30 கிலோ எடையைக் குறைத்து, மோன்ஸாவில் உட்கார்ந்து ஓட்டி, சாதனையும் படைத்தார். மற்றவர்களின் கார்களில் கிராம் கிராமாக எடையைக் குறைத்தவர், கடைசியில் அதே கணக்கைத் தனக்கும் போட்டுக்கொண்டார்.

எங்கே சறுக்கினார்?

இங்கேதான் கதை திரும்புகிறது. 1960-களின் நடுவில் அபார்த்தின் கவனம் குட்டி கார்களில் இருந்து மெல்ல நகர்ந்தது. தானே இன்ஜின் செய்வது, தானே முழு ரேஸ் கார் செய்வது, பெரிய கம்பெனிகளோடு நேருக்கு நேர் மோதுவது என்று இறங்கினார். 2,000 சிசி, 3,000 சிசி என்று வளர்ந்து, கடைசியில் 6,000 சிசியில் 12 சிலிண்டர் இன்ஜின் வரை போனார்.

அந்தப் பிரம்மாண்டம் ரேஸ் டிராக்கையே பார்க்கவில்லை. பந்தய விதிகள் மாறி, அந்த வகைக் கார்களுக்கு 3,000 சிசிதான் உச்ச வரம்பு என்று ஆனது. கொட்டிய பணம் கொட்டியதுதான்.

கவனித்தீர்களா? 12 சிலிண்டர் கனவால் டுசியோ கவிழ்ந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் இவர். அந்தக் கம்பெனியின் மிச்சத்தில் இருந்துதான் தன் தொழிலையே தொடங்கினார். சுமார் 20 வருடம் கழித்து, அதே பள்ளத்தை நோக்கித் தானும் நடந்தார். அபார்த்துக்கு இன்ஜின் தெரியாதா, வியாபாரம் தெரியாதா? ரெண்டும் தெரியும். ஆனா அவருக்குப் பலம் கொடுத்தது, லட்சக்கணக்கானவர்கள் ஏற்கெனவே வைத்திருந்த ஒரு மலிவான கார். அதை விட்டு விலகிய பிறகு, அவரும் பணம் எரிக்கும் பல ரேஸ் கம்பெனிகளில் ஒருவராகிவிட்டார்.

1971-ல் கம்பெனியை ஃபியட்டுக்கே விற்றார். ரேஸ் புரோட்டோடைப் கார்கள் என்ஸோ ஓசெல்லாவிடம் போயின. பிறந்த ஊரான வியன்னாவுக்குத் திரும்பிய அபார்த், 1979 அக்டோபர் 24 அன்று காலமானார். மேற்கத்திய ராசிக் கணக்கில் அதுவும் தேள் மாதம்தான்.

இன்றைக்கு அபார்த்

அவர் கையை விட்டுப் போன பிறகும் பெயர் நின்றது. ஃபியட் 131 அபார்த் 1977, 1978, 1980 ஆகிய ஆண்டுகளில் உலக ராலி தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது. 2015-ல் இந்தியாவுக்கும் தேள் வந்தது. ஃபியட் புன்டோவில் 145 குதிரைத்திறன் இன்ஜினை வைத்து, மகாராஷ்டிராவின் ரஞ்சன்காவ் ஆலையில் தயாரான ‘அபார்த் புன்டோ’வுக்கு இன்றும் இங்கே தனி ரசிகர் கூட்டம் உண்டு.

பழைய கார் சந்தையில் இப்போது ஒரு தகராறு ஓடுகிறது. தொழிற்சாலையில் இருந்தே அபார்த்தாக வந்த 595, 695 கார்களுக்கு மவுசு அதிகம். அதனால் சாதாரண ஃபியட் 500-ல் தேள் பேட்ஜ் ஒட்டி ஒரிஜினல் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்குபவர்கள் இன்ஜின் நம்பர், பழைய ஆவணங்கள் என்று துருவித் துருவிப் பார்க்கிறார்கள். ஏமாறாமல் இருக்க அது தேவைதான்.

ஆனா 1964-ல் ஏதோ ஒரு இத்தாலிய ஊரில், ஒருவர் மரப்பெட்டி கிட்டை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தன் சொந்த 500-ல் மாட்டியிருந்தால் அது ஒரிஜினலா, டூப்ளிகேட்டா? ஏலத்தில் அதற்கு விலை குறையலாம். ஆனால் கார்லோ அபார்த் அந்தப் பெட்டியைச் செய்ததே அந்த மனிதருக்காகத்தான்.