கோப்பையைக் கொடுத்துவிட்டு வெளியே போகச் சொன்ன விருந்து: 23 வயதில் மறைந்த எர்னி டேவிஸ் யார்?

1960 ஜனவரி 1. அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் உள்ள டல்லஸ் நகரம். அன்று மதியம் நடந்த 'காட்டன் பவுல்' போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது 20 வயது கல்லூரி மாணவர் ஒருவருக்குப் போனது. அன்று இரவு விருந்து. சாப்பாடு முடிந்தது, பரிசும் கொடுத்தாச்சு. அதற்கு அடுத்த நிமிடமே அந்த மாணவரையும் அவருடைய இரண்டு நண்பர்களையும் அரங்கை விட்டுக் கிளம்பச் சொன்னார்கள். காரணம் ஒன்றுதான். மூன்று பேரும் கறுப்பினத்தவர்கள்.

அந்த மாணவர்தான் எர்னி டேவிஸ். இரண்டே வருடத்தில் அமெரிக்க ஜனாதிபதியே அவரைச் சந்திக்க விரும்பினார். மூன்றரை வருடத்தில் அவர் உயிரோடு இல்லை.

முதலில், 'பவுல்' என்றால் என்ன?

இங்கே சொல்லும் ஃபுட்பால் நாம் பார்க்கும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். அங்கே கல்லூரி அணிகளின் ஆட்டத்துக்கே ஸ்டேடியம் நிரம்பி வழியும். சீசன் முடிந்ததும், நன்றாக ஆடிய அணிகளைக் கூப்பிட்டு, பெரும்பாலும் புத்தாண்டை ஒட்டி நடத்தும் சிறப்புப் போட்டிதான் பவுல். கலிபோர்னியாவின் ரோஸ் பவுல்தான் இதற்கெல்லாம் மூத்தது. கிண்ணம் மாதிரி வளைந்த ஸ்டேடியத்தில் நடந்ததால் அந்தப் பெயர். பிறகு கிண்ணம் இருக்கோ இல்லையோ, எல்லா ஊர்க்காரர்களும் தங்கள் போட்டிக்கு பவுல் என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆரஞ்சு விளையும் ஃப்ளோரிடாவில் ஆரஞ்சு பவுல், பருத்தி விளையும் டெக்சாஸில் காட்டன் பவுல்.

காட்டன் பவுலைத் தொடங்கியவர் கர்டிஸ் சான்ஃபோர்ட் என்ற எண்ணெய் வியாபாரி. முதல் போட்டி 1937 ஜனவரி 1-ல் டல்லஸில் நடந்தது. டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம் 16-6 என்று மார்க்கெட் பல்கலைக்கழகத்தை வென்றது. இந்தப் போட்டியில் நடந்த வேடிக்கைகளுக்கும் குறைவில்லை. 1954-ல் ரைஸ் அணியின் டிக்கி மேகிள் பந்தோடு தனியாகப் பறந்துகொண்டிருந்தபோது, எதிரணியின் டாமி லூயிஸ் வெளியே பெஞ்சில் இருந்து எழுந்து ஓடிவந்து அவரை மடக்கி விழத்தட்டினார். ஆட்டத்திலேயே இல்லாத ஆள்! நடுவர் அதை டச்டவுன் என்றே அறிவித்தார்.

ஆனா இதே காட்டன் பவுலுக்கு இன்னொரு முகமும் உண்டு. டல்லஸ் அமெரிக்காவின் தெற்குப் பகுதி. பள்ளி, ஹோட்டல், பஸ் என எல்லாவற்றிலும் வெள்ளையருக்குத் தனி, கறுப்பினத்தவருக்குத் தனி என்று பிரித்து வைத்திருந்த பகுதி அது. 1940 காட்டன் பவுலுக்கு வந்த பாஸ்டன் காலேஜ் அணி, தன்னுடைய கறுப்பின வீரர் லூ மாண்ட்கோமரியை ஆட விடாமல் விட்டுவிட்டுத்தான் களமிறங்கியது. 1948-ல்தான் பென் ஸ்டேட் அணியின் வாலஸ் ட்ரிப்லெட், டென்னி ஹோகார்ட் இருவரும் அங்கே ஆடிய முதல் கறுப்பின வீரர்கள் ஆனார்கள். நகரத்து ஹோட்டல்களில் இடம் கிடைக்காததால் அந்த அணி முழுக்க ஊருக்கு வெளியே கடற்படை விமானத் தளத்தில் தங்கியது. இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் 12 வருடம் கழித்து எர்னி டேவிஸ் வந்தார்.

திக்குவாய்ப் பையன்

எர்னி பிறந்தது 1939 டிசம்பர் 14-ல், பென்சில்வேனியா மாகாணத்தில். அவர் பிறப்பதற்கு முன்பே அப்பா விபத்தில் இறந்துவிட்டார். அம்மா மேரி சின்னப் பெண். பிழைப்பைத் தேடிப் போக வேண்டிய நிலை. அதனால் குழந்தையை வளர்த்தது யூனியன்டவுனில் இருந்த தாத்தா பாட்டிதான். தாத்தா வில்லி டேவிஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. கண்டிப்பு அதிகம், பாசம் அதைவிட அதிகம்.

சின்ன வயதில் எர்னிக்குத் திக்குவாய். பேச்சு வராது, சிக்கிக்கொள்ளும். ஆனால் பந்து கையில் வந்தால் நிற்க மாட்டான். 12 வயதில் அம்மாவோடு சேர்ந்து வாழ நியூயார்க் மாகாணத்தின் எல்மைரா என்ற சிறிய ஊருக்குப் போனார். அங்கே பள்ளியில் ஃபுட்பால், பேஸ்கட்பால், பேஸ்பால் மூன்றிலும் கலக்கினார். அவர் இருந்த பேஸ்கட்பால் அணி தொடர்ந்து 52 ஆட்டங்களை வென்றது. 'எல்மைரா எக்ஸ்பிரஸ்' என்ற பட்டப்பெயர் வந்ததும் அந்த ஊரால்தான்.

பல கல்லூரிகள் அவரைக் கேட்டன. கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது அதே மாகாணத்தில் உள்ள சிராக்யூஸ் பல்கலைக்கழகம். அதற்கு முக்கியக் காரணம் ஜிம் பிரவுன்.

(இந்தக் கதையில் நிறைய 'பிரவுன்' வருவார்கள். கொஞ்சம் கவனமாகப் படிக்கவும்.)

ஜிம் பிரவுன் சிராக்யூஸில் 44-ம் எண் சட்டை போட்டு ஆடி, பிறகு தொழில்முறை ஆட்டத்தில் பெரிய நட்சத்திரம் ஆனவர். 1957 காட்டன் பவுலில் மூன்று டச்டவுன் போட்டும், அணி 28-27 என ஒரே புள்ளியில் தோற்றதைப் பார்த்தவர். கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருதான ஹைஸ்மேன் டிராபி 1956-ல் அவருக்குக் கிடைக்கவில்லை; ஐந்தாவது இடம்தான். அந்த வருடம் விருது வாங்கிய பால் ஹார்னங்கின் அணி 10 ஆட்டத்தில் 8-ல் தோற்றிருந்தது. இதற்குப் பின்னால் நிறமும் ஒரு காரணம் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. அந்த ஜிம் பிரவுன், தான் படித்த கல்லூரிக்காக எர்னியிடம் பேசினார். எர்னி சிராக்யூஸ் வந்தார். பிரவுன் போட்ட அதே 44-ம் எண் சட்டை அவருக்குக் கிடைத்தது.

டல்லஸில் அந்த நாள்

அன்றைய விதிப்படி முதல் வருட மாணவர்கள் பிரதான அணியில் ஆட முடியாது. அதனால் எர்னி உண்மையில் களம் கண்டது 1959-ல்தான். கோச் பென் ஸ்வார்ட்ஸ்வால்டர், இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் குதித்த ராணுவ வீரர். அந்த வருடம் சிராக்யூஸ் ஆடிய 10 ஆட்டங்களையும் வென்றது. அப்போதெல்லாம் பவுல் போட்டிக்கு முன்பே பத்திரிகையாளர்கள் வாக்களித்து நம்பர் 1 அணியை அறிவித்துவிடுவார்கள். ஆக, டல்லஸுக்குக் கிளம்பும்போதே சிராக்யூஸ் சாம்பியன்.

எதிரே டெக்சாஸ் பல்கலைக்கழகம். முழுக்க வெள்ளையர் அணி. சிராக்யூஸில் மூன்று கறுப்பின வீரர்கள்: எர்னி, ஜான் பிரவுன், ஆர்ட் பேக்கர். போட்டிக்கு முன்பு எர்னிக்கு ஹாம்ஸ்ட்ரிங் காயம் வேறு. ஆடுவாரா மாட்டாரா என்ற சந்தேகம்.

ஆடினார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கெர்ஹார்ட் ஸ்வேட்ஸ் வீசிய பந்தைப் பிடித்து ஓடி 87 யார்டு டச்டவுன். பாதி நொண்டிய காலோடு! காட்டன் பவுலில் அதுவரை அவ்வளவு நீளமான பாஸ் டச்டவுன் இல்லை. பிறகு இன்னொரு டச்டவுன். தடுப்பாட்டத்திலும் நின்று, டெக்சாஸ் வீசிய பந்தை இடைமறித்துப் பிடித்தார். அணியின் மூன்றாவது டச்டவுனுக்கு வழி திறந்தது அதுதான்.

நடுவில் கைகலப்பும் நடந்தது. முதல் பாதி முடியும் நேரத்தில் டெக்சாஸ் வீரர் ஒருவர் ஜான் பிரவுனை இனத்தைச் சொல்லித் திட்டியதாகவும், அதில்தான் அடிதடி வெடித்ததாகவும் சிராக்யூஸ் வீரர்கள் பின்னர் சொன்னார்கள். ஆட்டம் முடிந்தபோது சிராக்யூஸ் 23, டெக்சாஸ் 14.

அதற்குப் பிறகுதான் அந்த விருந்து. அன்று இரவு என்ன நடந்தது என்பதைப் பல விதமாகச் சொல்கிறார்கள். அங்கேயே இருந்த ஜான் பிரவுன் பிற்காலத்தில் சொன்ன விவரம் இது: இரண்டு அணியும் ஒரே அரங்கில் சாப்பிட்டன. எல்லாரும் நன்றாகத்தான் பழகினார்கள். பரிசு கொடுத்து முடித்ததும் மூன்று பேரையும் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய என்ஏஏசிபி அமைப்பின் உள்ளூர் ஆட்கள் வந்து அவர்களை வேறொரு விருந்துக்கு அழைத்துப் போனார்கள். அவர்கள் போவதைப் பார்த்து, மொத்த அணியும் எழுந்து வெளியே போகலாம் என்றவர் ஸ்வேட்ஸ். அன்று மதியம் எர்னிக்கு அந்த 87 யார்டு பந்தை வீசியவர் அவர்தான். ஆனால் பல்கலைக்கழக அதிகாரிகள் அதற்குச் சம்மதிக்கவில்லை. மற்றவர்கள் உள்ளேயே இருந்துவிட்டார்கள்.

அரங்கில் சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. ஊர் வழக்கம் அது என்று சொல்லி எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். இந்தக் கதையில் ரொம்பவே உறுத்துவது அதுதான்.

ஹைஸ்மேன் மேடை

அடுத்த இரண்டு சீசனில் ஜிம் பிரவுனின் பல்கலைக்கழக சாதனைகளை எர்னி ஒவ்வொன்றாக உடைத்தார். மொத்தம் 2,386 யார்டு ஓட்டம், 35 டச்டவுன். 1961-ல் ஹைஸ்மேன் டிராபிக்கான வாக்கெடுப்பில் ஒஹையோ ஸ்டேட்டின் பாப் ஃபெர்குசனை 53 புள்ளி வித்தியாசத்தில் முந்தினார். ஃபெர்குசனும் கறுப்பினத்தவர்தான். 1935-ல் தொடங்கிய அந்த விருதை 26 முறை வெள்ளையர்களே வாங்கியிருந்தார்கள். 27-வது எர்னியுடையது.

விருது வாங்க நியூயார்க் போனபோது, அதே ஊருக்கு வந்திருந்த ஜனாதிபதி ஜான் எஃப். கென்னடி அவரைச் சந்தித்துக் கைகுலுக்கினார். சில நாள் கழித்து பிலடெல்பியாவில் நடந்த லிபர்ட்டி பவுல்தான் எர்னியின் கடைசிக் கல்லூரி ஆட்டம். 140 யார்டு ஓடினார். சிராக்யூஸ் மயாமியை 15-14 என்று வென்றது.

அப்புறம் என்எஃப்எல். அங்கே ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது, 'டிராஃப்ட்' முறை. முந்தைய வருடம் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. 1962 டிராஃப்டில் முதல் வாய்ப்பு வாஷிங்டன் அணிக்கு. அதன் உரிமையாளர் ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல், கறுப்பின வீரர்களை எடுக்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவர். ஆனால் அவர் அணி ஆடிய புதிய ஸ்டேடியம் மத்திய அரசின் நிலத்தில் இருந்தது. கறுப்பின வீரர்களைச் சேர்க்காவிட்டால் ஸ்டேடியம் கிடையாது என்று கென்னடியின் உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யுடால் கெடு வைத்தார். வேறு வழியில்லாமல் வாஷிங்டன் எர்னியைத் தேர்ந்தெடுத்தது. என்எஃப்எல் டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வான முதல் கறுப்பின வீரர் அவர்தான்.

எர்னி வாஷிங்டனுக்கு ஆடவில்லை. பாபி மிட்செல், லெராய் ஜாக்சன் என்ற இரண்டு பேரை வாங்கிக்கொண்டு எர்னியை கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணிக்கு மாற்றிவிட்டார்கள். பிரவுன்ஸில் யார் இருந்தார்? ஜிம் பிரவுன்! கல்லூரியில் முன்னும் பின்னுமாக ஒரே சட்டை போட்ட இரண்டு பேரும் ஒரே அணியில் சேர்ந்து ஓடப் போகிறார்கள். ரசிகர்கள் நாள் எண்ணத் தொடங்கினார்கள்.

ஆடாத ஆட்டம்

1962 கோடை. சிகாகோவில் நடக்கும் ஆல்-ஸ்டார் போட்டிக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது எர்னிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. ஆஸ்பத்திரியில் பரிசோதித்தார்கள். லுக்கீமியா, அதாவது ரத்தப் புற்றுநோய். ஆனால் முதலில் அவரிடம் ரத்தத்தில் ஏதோ கோளாறு என்று மட்டும்தான் சொன்னார்கள். இலையுதிர் காலத்தில், சிகிச்சையால் நோய் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் உண்மை தெரியவந்தது. இன்றைக்கு இருக்கும் சிகிச்சை வழிகள் அப்போது கிடையாது.

நோய் அடங்கியிருந்த காலத்தில், அவரை ஒரு ஆட்டத்திலாவது இறக்கலாம் என்று அணி உரிமையாளர் ஆர்ட் மோடெல் ஆசைப்பட்டார். கோச் பால் பிரவுன் முடியாது என்று உறுதியாக நின்றார். ஏற்கெனவே அவர்களுக்குள் ஆகாது. இது இன்னும் பெரிதாக்கியது. 1963 ஜனவரியில் மோடெல் கோச்சை வேலையை விட்டே நீக்கினார்.

பிரவுன்ஸ் சட்டையில் கிளீவ்லேண்ட் ரசிகர்கள் எர்னியை மைதானத்தில் பார்த்தது ஒரே ஒரு தடவை. 1962 ஆகஸ்டில் நடந்த பயிற்சிப் போட்டியில் அவர் பெயரை அறிவித்தார்கள். விளக்கொளி அவர் மேல் விழ, 45-ம் எண் சட்டையில் களத்துக்குள் ஓடி வந்தார். ஸ்டேடியம் எழுந்து நின்று கைதட்டியது. அவ்வளவுதான். என்எஃப்எல் ஆட்டம் ஒன்றில்கூட அவர் பந்தைத் தொடவில்லை.

1963 மார்ச்சில் ஒரு வார இதழில் தன் நோயைப் பற்றி எழுதினார். தன்னைத் துரதிர்ஷ்டசாலி என்று நினைக்கவில்லை என்பதுதான் அதன் சாரம். மே மாதம் மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்தபோது, முதலில் மோடெலின் அலுவலகத்துக்குப் போய், தன்னால் அணிக்கு ஏற்பட்ட செலவுக்கும் சிரமத்துக்கும் வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனாராம். இரண்டே நாளில், 1963 மே 18 அன்று கிளீவ்லேண்டில் உயிர் பிரிந்தது. வயது 23.

எல்மைராவில் அவர் உடலைப் பார்க்க 10,000 பேருக்கும் மேல் வரிசையில் நின்றார்கள். கென்னடியின் இரங்கல் தந்தி வந்தது. எழுத்தாளர் மார்க் ட்வைன் புதைக்கப்பட்ட அதே உட்லான் கல்லறையில் எர்னியும் இருக்கிறார்.

பிறகு என்ன ஆனது?

ஒரு ஆட்டம்கூட ஆடாத வீரருக்காக பிரவுன்ஸ் அணி 45-ம் எண்ணை ஓய்வுபெற வைத்தது. அந்த எண்ணை அங்கே இனி யாரும் போட முடியாது. 1979-ல் கல்லூரி ஃபுட்பாலின் 'ஹால் ஆஃப் ஃபேம்' பட்டியலில் எர்னி சேர்க்கப்பட்டார்.

2008-ல் 'தி எக்ஸ்பிரஸ்' என்ற ஹாலிவுட் படம் வந்தது. எர்னியாக ராப் பிரவுன் (ஆமாம், இங்கேயும் ஒரு பிரவுன்), கோச்சாக டென்னிஸ் குவைட். படம் உருக்கமானதுதான், ஆனால் அப்படியே நம்பிவிட வேண்டாம். வெஸ்ட் வர்ஜீனியா ஊருக்குப் போய் ஆடும்போது ரசிகர்கள் இனவெறியோடு நடந்ததாக ஒரு பெரிய காட்சி வரும். உண்மையில் 1959-ல் அந்த ஆட்டம் நடந்தது சிராக்யூஸில்.

டெக்சாஸ் பல்கலைக்கழகம்? 1969-ல் சாம்பியன் ஆனபோதுகூட அதன் பிரதான அணியில் ஒரு கறுப்பின வீரர் இல்லை. முதல் ஆளாக ஜூலியஸ் விட்டியர் 1970-ல்தான் ஆடினார். டல்லஸ் விருந்து நடந்து 10 வருடம் கழித்து. காட்டன் பவுல் போட்டி 2010-ல் டல்லஸுக்குப் பக்கத்தில் உள்ள ஆர்லிங்டனின் பெரிய ஸ்டேடியத்துக்கு இடம் மாறியது.

சிராக்யூஸில் எர்னிக்குப் பிறகு அந்த 44-ம் எண் சட்டையைப் போட்டு ஃப்ளாய்ட் லிட்டில் புகழ் பெற்றார். அவரைச் சிராக்யூஸுக்கு வரச் சொல்லிப் பேசியதும் எர்னிதான். 2005-ல் பல்கலைக்கழகம் அந்த எண்ணுக்கும் ஓய்வு கொடுத்தது. ஆனால் எண் முழுசாக மறையவில்லை. சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் அஞ்சல் குறியீடு 13244. கடைசி இரண்டு இலக்கம் 44 ஆக இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிய எண் அது.