வில்வண்டி திறந்த வழி

நுழையும்முன்

ஊர்ச்சாலையில் நடப்பதும் பள்ளி இருக்கையில் அமர்வதும் இன்று நம் கவனத்தில்கூடப் பதியாத இயல்பான செயல்கள். ஒரு காலத்தில் இவ்விரண்டிற்காகவும் மனிதர்கள் குருதி சிந்த நேர்ந்தது. பள்ளிப் படியேறாத உழவர் ஒருவர் அடுத்த தலைமுறைக்குப் பள்ளியின் கதவைத் திறந்துவிட்ட வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மலையைக் கடந்த உரிமை

தென்காசியை அடுத்த இலத்தூர், மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி வயல்களுக்கு நடுவே அமைந்த ஊர். இவ்வூர் உள்ளிட்ட செங்கோட்டைப் பகுதி முன்னாளில் திருவிதாங்கூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் அது தமிழ்நாட்டுடன் இணைந்தது. அருகிலிருக்கும் குற்றாலத்தில் சென்னை மாகாணச் சட்டமும், செங்கோட்டையில் திருவிதாங்கூர் மன்னரின் ஆணையும் செல்லுபடியாயின. ஆதலால், மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் வென்றெடுக்கப்பட்ட உரிமைகள் இம்மலையடிவாரத்து ஊர்களுக்கும் உரியனவாயின. அவ்வுரிமைகளுக்காகத் தம் வாழ்நாளை ஈந்தவர் அய்யன்காளி.

ஏட்டில் இருந்த விடுதலை

திருவிதாங்கூரில் மனிதரை மனிதர் உடைமையாகக் கொள்ளும் அடிமை முறை நெடுங்காலம் நிலவியது. 1836-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 12,80,000 மக்களுள் 1,65,000 பேர் அடிமைகள். நிலத்தைப் போலவே அவர்களும் விற்கப்பட்டனர், ஒற்றி வைக்கப்பட்டனர். 1855-ஆம் ஆண்டு அரச ஆணை அடிமை முறையை ஒழித்தது. அமெரிக்க நாட்டில் கறுப்பின மக்களின் அடிமைத்தளை சட்டத்தால் அறுபட்டதற்குப் பத்து ஆண்டுகள் முந்தைய நிகழ்வு இது.

ஆணை வந்தபின்னும் வாழ்க்கை மாறவில்லை. வயலில் உழைத்த புலையர் சமூகத்தினர் பொதுச்சாலையில் நடக்க இயலவில்லை; எதிரே உயர்சாதியினர் வந்தால் விலகிச் சேற்றில் இறங்கி நிற்க வேண்டியிருந்தது. பெண்கள் மேலாடை அணியத் தடை இருந்தது. அடிமைத்தனத்தின் அடையாளமாகக் கல்மாலையை அவர்கள் கழுத்தில் சுமந்தனர். பள்ளிகள் அவர்களுடைய பிள்ளைகளை ஏற்கவில்லை.

இச்சூழலில், திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில் 1863 ஆகஸ்டு 28 அன்று அய்யன் – மாலா இணையரின் மூத்த மகனாக அய்யன்காளி பிறந்தார். அவருக்குக் கல்வி கற்கும் வாய்ப்புக் கிட்டவில்லை. உடல் வலிமையும் அஞ்சாமையும் உடைய அவரைச் சுற்றி இளைஞர்கள் திரண்டனர். தமிழரான தைக்காடு அய்யாவு சுவாமிகள், சாதி பாராமல் அனைவரையும் ஒரே பந்தியில் அமர்த்திய பெரியார். அவரது தொடர்பு அய்யன்காளியின் உள்ளத்திற்கு உரமூட்டியது.

வில்வண்டிப் பயணம்

1893-ஆம் ஆண்டு அய்யன்காளி ஒரு வில்வண்டியை விலைக்கு வாங்கினார். இரண்டு வெள்ளைக் காளைகளைப் பூட்டினார். தலையில் பாகை கட்டி, தூய வெள்ளாடை உடுத்து, காளைகளின் கழுத்துமணி ஒலிக்கப் பொதுச்சாலையில் வண்டியைச் செலுத்தினார். வண்டியும் பாகையும் வெள்ளாடையும் அவர் பிறந்த சமூகத்திற்கு மறுக்கப்பட்டவை. மறுக்கப்பட்ட அனைத்தையும் ஒருசேர மேற்கொண்டு, பட்டப்பகலில் ஊரறிய அவர் சென்றார்.

எதிர்ப்பாளர்கள் வழிமறித்தனர். அவர் பின்வாங்கவில்லை. சாலைகள் அனைவர்க்கும் உரியன என்று அரசு முன்னரே அறிவித்திருந்தது. அவ்வறிவிப்பை மண்ணில் மெய்யாக்குவதே அவரது நோக்கம். அடுத்த சில ஆண்டுகளில் இளைஞர்கள் அணி அணியாகத் தெருக்களில் நடக்கத் தொடங்கினர். பாலராமபுரத்தில் மூண்ட மோதலில் இரு தரப்பிலும் பலர் காயமுற்றனர். எனினும், பொதுச்சாலைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

உழவு நின்றது

சாலை திறந்தபின் அய்யன்காளியின் கருத்து பள்ளியின்பால் திரும்பியது. தம் மக்களுக்கென அவர் வெங்ஙானூரில் ஓலைக்கூரையில் அமைத்த பள்ளி தீக்கிரையாக்கப்பட்டது. அவர் சோர்வடையாமல் மீண்டும் கட்டினார். 1907-ஆம் ஆண்டு சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அரசும் இசைந்தது. ஆயினும், பள்ளி நடத்துவோர் அவ்வாணையைப் பொருட்படுத்தவில்லை.

தம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லையெனில், நிலவுடைமையாளரின் வயல்களில் இனிக் களையே விளையும் என்று அய்யன்காளி அறிவித்தார். உழவுத் தொழிலாளர் வேலைக்குச் செல்ல மறுத்தனர். ஏர் ஓடவில்லை, நாற்று நடப்படவில்லை. கூலிக்காக மட்டுமன்றிக் கல்விக்காகவும் உழைக்கும் மக்கள் நடத்திய அரிய வேலைநிறுத்தம் இது. அன்றாடம் உழைத்தால்தான் உணவு என்ற நிலையிலிருந்த குடும்பங்கள் பசியால் வாடின. அப்போது விழிஞ்ஞம் கடற்கரையின் மீனவர்கள் தம் படகுகளில் அவர்களுக்கு வேலை தந்து உதவினர். உழவரின் பசியைக் கடல் ஆற்றியது. முடிவில் நிலவுடைமையாளர் இறங்கிவந்தனர். அரசின் நடுவர் முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது.

கருகிய பலகை

ஆணை வலுப்பெற்றபின், பஞ்சமி என்னும் சிறுமியைக் கைப்பிடித்து அய்யன்காளி ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அவள் இருக்கையில் அமர்ந்ததும் பிற பிள்ளைகள் வெளியேறினர். கலவரம் மூண்டது, பள்ளிக்குத் தீ வைக்கப்பட்டது. ஒரு சிறுமி அமர்ந்த பலகையைச் சாம்பலாக்கிவிட்டால் அவள் கொண்ட வேட்கையும் சாம்பலாகிவிடும் எனத் தீயிட்டோர் எண்ணினர் போலும். பலகை கருகியதே அன்றி அழியவில்லை. அப்பள்ளி இன்று அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவரின் பெயரையும் தாங்கி நிற்கிறது.

அவையில் ஒலித்த குரல்

எழுத்தறியாத அய்யன்காளி 1911-ஆம் ஆண்டு இறுதியில் ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். நிலமற்றோர்க்கு நிலம் வழங்குமாறு அவையில் அவர் வேண்டியதன் பயனாக 500 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. கல்விக் கட்டணச் சலுகை, அரசுப் பணி ஆகியவற்றுக்காகவும் அவர் தொடர்ந்து வாதாடினார்.

1915-ஆம் ஆண்டு கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில், கல்மாலையைக் கைவிட்ட பெண்கள் தாக்கப்பட்டனர், குடிசைகள் எரிந்தன. இரு தரப்பினரையும் அழைத்துக் கொல்லத்தில் அய்யன்காளி கூட்டிய பெருங்கூட்டத்தில், பெண்கள் மேடையேறிக் கல்மாலைகளை அறுத்தெறிந்தனர். குவிந்து கிடந்த அக்கற்கள், ஒரு காலம் முடிவுற்றதை அறிவித்தன.

1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள், அரசின் கோயில்களை இந்துக்கள் அனைவர்க்கும் திறந்துவிட்டார். செங்கோட்டைப் பகுதியும் அதனால் பயன்பெற்றது. அதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குப் பின்னரே மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் ஆலய நுழைவு நிகழ்ந்தது.

நிறைவேறிய வேட்கை

1937 சனவரியில் காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்து அய்யன்காளியைச் சந்தித்தார். தமக்கென எதையும் அம்முதியவர் வேண்டவில்லை. தம் சமூகத்தில் பத்துப்பேர் பட்டம் பெறுவதைக் கண்டபின் கண்மூட வேண்டும் என்பதே அவர் வெளியிட்ட விருப்பம். 1941 சூன் 18 அன்று அவர் மறைந்தார்.

சட்டம் ஏட்டில் எழுதப்படும்போது பிறக்கிறது. எளியோர் அதை எடுத்தாளும்போதே உயிர்பெறுகிறது. சாலையில் நடந்தும், வயலில் உழைப்பை நிறுத்தியும், சிறுமி ஒருத்தியைப் பள்ளியில் அமர்த்தியும் அய்யன்காளி சட்டத்திற்கு உயிரூட்டினார். அவர் விரும்பிய பத்துப் பட்டதாரிகள் இன்று பல்லாயிரவராய்ப் பெருகியுள்ளனர். நாம் அமர்ந்திருக்கும் வகுப்பறை இருக்கையிலும் அந்த உழைப்பின் ஒரு பங்கு உண்டு.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் 1955 திசம்பர் 1 அன்று, பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி மறுத்தார். அதனைத் தொடர்ந்து மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் 381 நாள்கள் பேருந்துப் புறக்கணிப்பு நடைபெற்றது. அய்யன்காளியின் வில்வண்டிப் பயணம் இதற்கு 62 ஆண்டுகள் முற்பட்டது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் அனைவர்க்கும் பொதுவான சாலை, கிணறு, பள்ளி ஆகியவை முற்காலத்தில் எவ்வாறு இருந்தன என்பதை முதியோரிடம் கேட்டறிந்து எழுதுக.
2. பஞ்சமி பள்ளிக்குச் சென்ற நாளை நாடகமாக்கி வகுப்பில் நடித்துக் காட்டுக.
3. சமூகநீதிக்காகப் போராடிய ஒருவரின் வாழ்க்கை வரலாற்று நூலை நூலகத்தில் படித்து மதிப்புரை எழுதுக.