மீர் சுல்தான் கான்

மலைக்கோட்டை ஏறுவோர் படிதோறும் காலூன்றியே ஏறுவர். நம் நாட்டுப் பழைய சதுரங்கத்துக் காலாளும் அத்தகையதே. முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். இரு கட்டம் பாய்தல் மேனாட்டு முறை. இவ்வொரு வேற்றுமையால் ஆட்டத்தின் நடையே மாறிவிடுகின்றது. நம்மவர் மெல்ல அணிவகுத்துப் பின்னரே பொருதுவர். அம்முறையிற் பயின்ற ஒருவர், மேனாட்டாரை அவர்தம் முறையிலேயே வென்ற வரலாறு மாணவர் அறியத்தக்கது.

மீர் சுல்தான் கான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பஞ்சாபில் மீட்டா திவானா என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையாரிடமே ஆட்டம் கற்றார். சர் உமர் ஹயாத் கான் என்னும் பெருநிலக்கிழார் அவரை ஆதரித்தார். 1928-இல் அகில இந்தியப் போட்டியில் வாகை சூடி, மறு ஆண்டு தம் புரவலருடன் இலண்டன் சேர்ந்தார். மேனாட்டுத் தொடக்க நூல்களில் அவருக்குப் பயிற்சியில்லை. குளிரும் காய்ச்சலும் வேறு வாட்டின. எனினும் அவ்வாண்டிலேயே ராம்ஸ்கேட்டில் பிரிட்டிஷ் பட்டத்தைக் கைக்கொண்டார். 1932-லும் 1933-லும் அதனை மீண்டும் பெற்றார்.

அவர் புகழை நிலைநாட்டியது 1930–31-இல் ஹேஸ்டிங்ஸ் நகரில் கபபிளாங்காவுடன் நிகழ்ந்த ஆட்டம். கபபிளாங்கா 1921 முதல் 1927 வரை உலக வெற்றிவீரராயிருந்தவர். கறுப்புக் காய்களுடன் ஆடிய அவர் மேற்கொண்டது, விந்தையாக, ராணிப்புற இந்தியத் தற்காப்பு என வழங்கும் அமைப்பு. (கல்கத்தாவில் மகேச சந்திர பானர்ஜி முதலியோர் காக்கிரேனுடன் ஆடிய ஆட்டங்களை ஒட்டியே இத்தகைய அமைப்புகளுக்கு இந்தியப் பெயர் வந்தது.) ஐந்தாம் நகர்வில் சுல்தான் கான் ராணிப்புறத்துக் கோடிக் காலாளை ஒரு கட்டம் மட்டும் முன்தள்ளினார். வீண் நகர்வு எனவே தோன்றும். ஆனால் எதிரியின் மந்திரி வந்து தம் குதிரையைக் கட்டுவதை அது தடுத்தது. குதிரையோ பலகையின் நடுவைக் காப்பது. ஏழு மதில் சூழ்ந்த திருவரங்கத்தில் வாழ்வார்க்குப் புறமதிற் காவல் உள்ளே எங்குவரை எட்டும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பிற்காலத்தில் பெட்ரோசியன் இந்நகர்வை விரும்பி ஆடவே, அக்கிளை அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. சுல்தான் கானின் பெயர் அதற்கு வாராதது முறையன்று என்பது நம் எண்ணம்.

அவ்வாட்டத்தில் ராணியை ஈந்து இரு யானைகளைக் கவர்ந்தார். பின்னர் எதிரியின் ராணி ஒன்றும் செய்ய இயலாதவாறு நெடும்பொழுது நெருக்கி, 65-ஆம் நகர்வில் வென்றார். அரவமோ ஆரவாரமோ அதில் இல்லை. அப்போட்டியில் யூவேக்கும் கபபிளாங்காவுக்கும் அடுத்த மூன்றாமிடம் அவருடையது. 1931-இல் டார்ட்டகோவரையும் தனிப் போட்டியில் வென்றார்.

1933-இன் இறுதியிற் புரவலர் தாயகம் திரும்பவே, சுல்தான் கானும் திரும்பினார். அந்தோ! மேனாட்டு அரங்கில் அவர் இருந்தது ஐந்தாண்டிற்கும் குறைவே. எழுத்தறியாத ஏவலாள் என்று மேனாட்டார் பலர் அவரைக் குறித்து எழுதினர். குடும்பத்தாரோ அதனை வன்மையாக மறுத்துள்ளனர். திறமையைக் கண்டு வியந்தவர்களும் மனிதரைக் காணத் தவறினர் போலும்.

1966-இல் சர்கோதாவில் அவர் மறைந்தார். உலகச் சதுரங்கக் கழகம் கிராண்ட்மாஸ்டர் என்னும் கௌரவப் பட்டத்தை அவருக்கு அளித்தது 2024-இல். தம் மக்களுக்கு அவர் இவ்வாட்டத்தைக் கற்பிக்க விரும்பவில்லை. வாழ்வில் இதனினும் பயனுள்ள தொழிலை நாடுமாறே அவர்களைப் பணித்தார் என்பர்.