கடலை ஆண்ட வள்ளல்

மன்னார் வளைகுடாவின் கிழக்கே மன்னார்த் தீவும் அரிப்புக் கரையும் உள்ளன. எதிர்க்கரையில் கீழக்கரையும் தூத்துக்குடியும் உள்ளன. முத்தும் சங்கும் விளையும் அக்கடல் இரு கரையாரையும் ஒருங்கே வாழ்வித்தது. பதினேழாம் நூற்றாண்டில் அதனால் வளம் பெற்றுப் புகழ் ஈட்டியவர் கீழக்கரைச் சீதக்காதி. செய்கு அப்துல் காதிறு என்பது அவர் இயற்பெயர். பெரியதம்பி மரைக்காயர் என்பது குடிப்பெயர்.

மறைந்த பின்னும் ஈந்தவர் என்றே நாடு அவரை நினைக்கின்றது. படிக்காசுப் புலவர் அடக்கத்தலத்திற்கு வந்து அழுதபோது, மோதிரம் அணிந்த கை வெளியே நீண்டதாம். இக்கதையின் ஒளியில் வணிகராகவும் அரசியலாராகவும் விளங்கிய சீதக்காதி மறைந்துவிட்டார். கொடுப்பதற்குப் பொருள் வேண்டுமன்றோ? அப்பொருள் கப்பலேறி வந்தது.

சங்கு, நெல், துணி ஆகியவற்றின் வாணிகத்தில் மரைக்காயர் குடி சிறந்திருந்தது. இராமநாதபுரத்தை ஆண்டு 1710இல் மறைந்த கிழவன் சேதுபதி, சீதக்காதியை நண்பராகவும் அமைச்சராகவும் கொண்டார். விஜயரகுநாதர் என்னும் தம் குலப்பட்டத்தையும் அளித்தார். பாம்பன் கால்வாய் சேதுபதியின் ஆட்சியில் இருந்தது. அரசரின் துறையும் வணிகரின் கலமும் ஒன்றுபட்டதால் இருவரும் உயர்ந்தனர்.

இவ்வொற்றுமையே டச்சுக்காரர்க்கு இடையூறாயிற்று. 1658இல் தூத்துக்குடியையும் மன்னாரையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அவர்கள், இக்கடலின் வாணிகம் முழுவதையும் தமதாக்க முயன்றனர். 1690இல் சேதுபதியோடு செய்த உடன்படிக்கையில், பெரியதம்பி மரைக்காயரும் அவர் குடியினரும் அரசுப் பணியில் இருத்தலாகாது என்று நிபந்தனை விதித்தனர். அவரே சீதக்காதி என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பீரங்கியும் கோட்டையும் உடைய ஒரு கம்பெனி, ஒரு தமிழ் வணிகரை விலக்க ஓலை எழுத வேண்டியிருந்தது!

ஈட்டிய பொருளைச் சீதக்காதி தமிழுக்கும் வழங்கினார். சதக்கத்துல்லா அப்பாவின் துணையோடு உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட ஊக்கியவர் அவரே. நூல் நிறைவுறுமுன் அவர் காலமாகவே, பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் அப்பணியை ஏற்றார்.

புலவர்கள் வள்ளலைப் பாடி வைத்தனர். பகைவர் வணிகரை ஏட்டில் எழுதி வைத்தனர். இரண்டையும் சேர்த்துக் கற்றாலன்றிச் சீதக்காதியை நாம் முழுமையாக அறிந்தவர் ஆகோம்.