உங்க வீட்டு உப்புக்குப் பின்னால் ஒரு டாக்டர்!

தூத்துக்குடி பக்கம் போயிருக்கீங்களா? ரோட்டோரம் பாத்தி பாத்தியா உப்பளம், வெயிலில் மின்னும் உப்புக் குவியல். கடல் உப்புதானே, அயோடின் தானாவே இருக்கும்னு நினைச்சா, அது தப்பு. பாத்தியில் விளையும் உப்பில் அயோடின் ரொம்பக் குறைவு. பிறகுதான் பொட்டாசியம் அயோடேட் சேர்க்கிறாங்க. இது நாடு முழுக்க வழக்கமாகக் காரணமானவர்களில் முக்கியமானவர், டாக்டர் வி.ராமலிங்கசுவாமி.

1921-ல் ஸ்ரீகாகுளத்தில் பிறந்தார். விசாகப்பட்டினத்தில் மருத்துவம், ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி. அப்புறம் நம்ம குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் வேலை. திசுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் நோயியல் நிபுணர் அவர்.

1956-ல் இமயமலை அடிவாரத்தில், காங்ரா பள்ளத்தாக்கில் இறங்கினார். அங்கே ஏராளமானவர்களுக்கு முன்கழுத்துக் கழலை. ஹார்மோன் சுரக்க அயோடின் வேணும். கிடைக்காதபோது தைராய்டு வீங்கும். கர்ப்பிணிக்குப் பற்றாக்குறைன்னா, குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கும்.

ஒரு லட்சத்துக்கும் மேல் மக்கள்தொகை கொண்ட பகுதியை மூன்றாகப் பிரிச்சாங்க. ரெண்டு பகுதிக்கு அயோடின் உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. ஆறு வருஷத்தில், அயோடின் உப்பு சாப்பிட்ட இடங்களில் கழலை வெகுவாகக் குறைஞ்சது. இன்னொரு பகுதியில் பெரிய மாற்றமில்லை. ஒப்பிட்டுப் பார்க்காமல் நிரூபிக்க முடியாதுதான். ஆனா அந்த ஜனங்க அதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு அவங்களுக்கும் அயோடின் உப்பு போனது. 1962-ல் தேசிய கழலைத் தடுப்புத் திட்டமும் வந்தது.

பின்னாளில் டெல்லி எய்ம்ஸின் இயக்குநராகவும் இருந்த அவர், 2001-ல் மறைந்தார்.

காங்ராவில் கழுத்தைக் கையால் தொட்டுப் பார்த்தே கழலையைக் கணக்கெடுத்தாங்க. இன்னிக்கு உங்களுக்கு வசதி அதிகம். கழுத்தில் கட்டி தட்டுப்பட்டா, டாக்டர் முதலில் டி.எஸ்.ஹெச் ரத்தப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்டும் எழுதுவார். டி.எஸ்.ஹெச் குறைவா இருந்தா, தைராய்டு ஸ்கேன். அல்ட்ராசவுண்டில் சந்தேகம் வந்தா எஃப்.என்.ஏ.சி: மெல்லிய ஊசியில் கொஞ்சம் செல்களை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாங்க. பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் இல்லை. அதனால பயந்து தள்ளிப்போடாம, போய்க் காட்டிடுங்க.

அப்படியே, உப்பு பாக்கெட்டில் அயோடின் சேர்த்ததுன்னு போட்டிருக்கான்னும் பாருங்க. வாங்கினதும் மூடி வையுங்க. திறந்தே கிடந்தா அயோடின் குறையும்!