மரக்குதிரையும் வால்ட் டிஸ்னியும்



ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தாருங்கள் என்று யூனியனில் கேட்டார்கள். மற்றவர்கள் விஞ்ஞானிகளையும் தலைவர்களையும் எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு கார்ட்டூன்காரரை எடுத்துக்கொண்டேன். இவனுக்கு வேறு ஆளே கிடைக்கலையா என்று சிரிக்காதீர்கள். காரணம் எங்க மாமாவின் குடை ராட்டினம்.

நான் காட்டுப்பள்ளிப் பையன். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கால்வாயும் கழிமுகமும், ராத்திரியானால் துறைமுக கிரேன் வெளிச்சம். எங்க அம்மாவின் அண்ணன் திருவிழாக்களில் ராட்டினம் போடுகிறவர். திருவொற்றியூர், மீஞ்சூர், பழவேற்காடு என்று ஊர் ஊராகப் போவார். நடுவில் ஒரு கம்பம், மேலே தார்ப்பாய்க் குடை, சுற்றிலும் எட்டு மரக்குதிரை. குதிரைகள் எல்லாம் எங்க தாத்தா கையால் செதுக்கியவை. தள்ளுவதற்கு இரண்டு ஆள். ஒருவர் வயசான பெரியவர், இன்னொருவர் முப்பது வயசு அண்ணன்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு இந்த ராட்டினத்தை எடுத்துக்கலாம் என்று நான்தான் சொன்னேன். அங்கே ஆரம்பித்தது சண்டை. எங்க குரூப்பில் மூணு பேர். ஒருவன், பழசைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு ஃபைபர் கார், எல்.ஈ.டி. விளக்கு என்று புதுசாகவே செய்யணும் என்றான். இன்னொருவன், ஒரு போல்ட்டைக்கூடத் தொடக் கூடாது என்றான். இவன் தீம் பார்க் பைத்தியம். திருப்பதியைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் அமெரிக்காவில் ஃப்ளோரிடா டிஸ்னி பூங்காவில் 1971 முதல் இருந்த செயற்கை ஆற்றையும், அதில் ஓடிய நீராவிக் கப்பலையும், நடுவிலிருந்த தீவையும் 2025 ஜூலையில் நிரந்தரமாக மூடி, அந்த இடத்தில் கார் படத்தை வைத்து புதுப் பகுதி கட்டப்போகிறார்கள் என்றதும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை!

மீஞ்சூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போதெல்லாம் இதே பேச்சு. வேடிக்கை என்னவென்றால், இருவருமே வால்ட் டிஸ்னியைத்தான் சாட்சிக்கு இழுத்தார்கள். அவர் கட்டியதை இடிக்கலாமா என்பான் ஒருவன். பூங்கா என்றைக்கும் கட்டி முடியாது, வளர்ந்துகொண்டே இருக்கும் என்று அவரே சொன்னாரே என்பான் மற்றவன். சரி, அந்த மனிதர் உண்மையில் எப்படித்தான் வாழ்ந்தார் என்று தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

பேப்பர் போட்ட பையன்

1901 டிசம்பர் 5-ஆம் தேதி சிகாகோவில் பிறந்தார். அப்பா எலியாஸ், அம்மா ஃப்ளோரா. ஐந்து பிள்ளைகளில் நாலாவது. மிசௌரி மாநிலத்தில் மார்சலின் என்ற சின்ன ஊரில் சில வருஷம் விவசாயம். அது கைகொடுக்காமல் 1911-இல் கான்சாஸ் சிட்டிக்கு வந்தார்கள். அப்பா செய்தித்தாள் விநியோகத்தை எடுத்தார். வால்ட்டும் அண்ணன் ராயும் விடியுமுன்னே எழுந்து, பனியிலும் வீடு வீடாகப் பேப்பர் போட்டார்கள். கான்சாஸ் சிட்டியில் எலக்ட்ரிக் பார்க் என்று ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. விளக்கு ஜொலிக்கும் அந்த இடம் பையன் மனதில் தங்கிவிட்டது.

முதல் உலகப் போர் முடிகிற சமயம், வயசைக் கூட்டிச் சொல்லி செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து, பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். திரும்பி வந்து கான்சாஸ் சிட்டியில் கார்ட்டூன் கம்பெனி ஆரம்பித்தார். 1923-இல் திவால்! கொஞ்சம் பணத்தோடு ஹாலிவுட்டுக்கு ரயில் ஏறினார். அங்கே அண்ணன் ராயுடன் சேர்ந்து புது ஸ்டூடியோ. வரைவது தம்பி, கணக்குப் பார்ப்பது அண்ணன்.

கையை விட்டுப் போன முயல்

1927-இல் ஆஸ்வால்ட் என்ற முயல் கார்ட்டூன் நன்றாக ஓடியது. ஆனால் அதன் உரிமை வால்ட்டிடம் இல்லை. 1928-இல் விநியோகஸ்தர் முயலை எடுத்துக்கொண்டார், வேலைக்காரர்களில் பெரும்பாலோரையும் இழுத்துக்கொண்டார். மிஞ்சிய நண்பர் அப் ஐவர்க்ஸுடன் சேர்ந்து உருவாக்கியதுதான் மிக்கி மவுஸ். அதே 1928 நவம்பரில், படத்தோடு ஒலியும் பிசகாமல் பொருந்த வந்த ஸ்டீம்போட் வில்லி அவரை உலகுக்குக் காட்டியது. 1937-இல் முழுநீளக் கார்ட்டூன் படமாக ஸ்னோ ஒயிட். இந்த ஆள் கவிழ்ந்துவிடுவார் என்று ஹாலிவுட்டே கேலி செய்தது. சுமார் 15 லட்சம் டாலர் செலவு. படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. வாழ்நாளில் போட்டிப் பிரிவுகளில் மட்டும் 22 ஆஸ்கர்.

பெஞ்சில் உட்கார்ந்த அப்பா

இனிமேல்தான் நம்ம கதை. வால்ட்டுக்கு இரண்டு மகள்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் க்ரிஃபித் பார்க்கில் ஒரு ராட்டினம் உண்டு. பிள்ளைகள் சுற்றுவார்கள், அப்பா பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பார். அப்பா அம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஒரு இடம் ஏன் இல்லை என்ற யோசனை அந்தப் பெஞ்சில்தான் வந்தது.

மெக்கானிக்கல் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவருக்கு ரயில் பைத்தியம். ஸ்டூடியோ மெஷின் ஷாப்பில், தன்னிடம் சம்பளம் வாங்கும் மெக்கானிக்குகளிடமே வேலை கற்றுக்கொண்டார். எட்டில் ஒரு பங்கு அளவில் நிஜமான நீராவி எஞ்சின் ஒன்றுக்குச் சில பாகங்களைத் தன் கையாலேயே செய்தார். 1950-இல் வீட்டுத் தோட்டத்திலேயே தண்டவாளம் போட்டு அதை ஓட்டினார். முதலாளி எண்ணெய்க் கையோடு நின்றார் என்பது எனக்குப் பிடித்த சங்கதி.

அனஹைம் என்ற ஊரில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பை வாங்கினார். காப்பீட்டுப் பாலிசியின் மேல்கூடக் கடன். ஒரே வருஷ வேலையில், சுமார் 170 லட்சம் டாலர் செலவில், 1955 ஜூலை 17-இல் டிஸ்னிலேண்ட் திறந்தது. அன்றைக்கு நடந்தது மகா கூத்து. போலி டிக்கெட்டில் கூட்டம் புகுந்தது. காயாத தாரில் பெண்களின் குதிகால் செருப்பு புதைந்தது. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிதண்ணீர்க் குழாய் போதவில்லை. ஆனாலும் ஏழு வாரத்தில் பத்து லட்சம் பேர் வந்துவிட்டார்கள்.

அந்தப் பூங்காவின் ராட்டினத்தை அவர் புதுசாகச் செய்யவில்லை, நண்பர்களே! கனடாவில் டொரன்டோ நகர ஏரிக்கரைப் பூங்காவில் ஓடிய பழைய ராட்டினத்தை வாங்கி வந்தார். அதில் குதிரையோடு வேறு மிருகங்களும் இருந்தன. சில நின்ற இடத்திலேயே நிற்கும், சில மட்டும் ஏறி இறங்கும். எல்லாமே குதிரையாக இருக்கணும், எல்லாக் குதிரையும் குதிக்கணும் என்று முடிவு செய்தார். மேலே கிராங்க் சுழல, கம்பி ஏறி இறங்க, அத்தனை குதிரையும் குதிக்கும். எந்தப் பிள்ளைக்கும் நிற்கிற குதிரை கிடைத்தது என்ற ஏமாற்றம் இல்லை. இது பழசா, புதுசா? என் நண்பர்கள் இருவரையும் கேட்டேன். இரண்டு பேருக்கும் பதில் வரவில்லை.

இடித்தவரும் அவரே

வால்ட் தன் பூங்காவைப் பொத்திப் பொத்தி வைக்கவில்லை. ஆசையாகக் கொண்டுவந்த சர்க்கஸ் எடுபடவில்லை, இரண்டே மாதத்தில் மூட்டை கட்டினார். 1959-இல் ஒரே சமயத்தில் மேட்டர்ஹார்ன் மலை, நீர்மூழ்கிப் படகு, மோனோ ரயில் மூன்றும் வந்தன. அந்த மேட்டர்ஹார்னில்தான் ரோலர் கோஸ்டருக்கு உருளை வடிவ எஃகுக் குழாய்த் தண்டவாளம் முதன்முதலில் வந்தது. மரச்சட்டத்தில் வளைக்க முடியாத வளைவெல்லாம் குழாயில் வளைந்தது. இன்றைய ராட்சத கோஸ்டர்களுக்கு அதுதான் முன்னோடி.

ஆனால் எதையும் ஆபீஸில் உட்கார்ந்து முடிவு செய்கிற பழக்கம் அவருக்கில்லை. பூங்காவிலேயே தீயணைப்பு நிலையத்து மாடியில் சின்ன வீடு வைத்திருந்தார். ஜனங்களோடு வரிசையில் நிற்பார். ஒருநாள் காட்டுப் படகில் ஏறினார். ஓட்டுநர் அவசர அவசரமாகச் சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிட்டார். நேரத்தைக் கணக்குப் பார்த்துக் கோபப்பட்டு, ஓட்டுநர்களை எல்லாம் மறுபடி பயிற்சிக்கு அனுப்பினார். இன்னொரு நாள், இதைத்தான் போன தடவையே பார்த்தாச்சே என்று ஓர் அம்மா பிள்ளையை இழுத்துக்கொண்டு போவதைக் கேட்டார். உடனே படகை ஒழித்துவிடவில்லை. 1962-இல் அதே ஆற்றில் குளிக்கும் யானைக் கூட்டம் சேர்ந்தது. நம்ம நாட்டு யானை! அந்தப் படகு இன்றும் ஓடுகிறது.

உலகம் முந்திக்கொண்டால் மட்டும் வேறு வழியில்லை. நாளைய உலகம் என்று 1955-இல் கட்டிய பகுதி பத்தே வருஷத்தில் பழசாகிவிட்டது. அதைப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்ட அவரே திட்டம் போட்டார். 1967-இல் அது திறந்தபோது அவர் இல்லை.

ஒரு கறுப்புப் பக்கம்

நல்லதை மட்டும் எழுதினால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது. 1941-இல் அவர் ஸ்டூடியோவில் பெரிய வேலைநிறுத்தம். சம்பளத்தில் ஏற்றத்தாழ்வு, படத்தில் பெயர் வராத வருத்தம், சங்கம் வைத்தவர்களை வேலையை விட்டு நீக்கிய ஆத்திரம். பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளின் மனசைப் படித்த மனிதரால், தன்னிடம் வேலை செய்தவர்களின் மனசைப் படிக்க முடியவில்லை. தனக்குச் செய்த துரோகமாகவே அதைக் கருதினார். 1947-இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் போய், வேலைநிறுத்தம் செய்தவர்கள் மேல் கம்யூனிஸ்ட் முத்திரையும் குத்தினார்.

அவர் 1946-இல் எடுத்த ஒரு படம், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் பட்ட கஷ்டத்தை மறைத்து எல்லாம் இன்பமயம் என்பதுபோல் காட்டியதாக அப்போதே எதிர்ப்பு வந்தது. அந்தப் படத்துப் பாத்திரங்களை வைத்து 1989-இல் ஒரு நீர்ச்சறுக்கு கட்டினார்கள். 2023-இல் அதை மூடி, 2024-இல் டியானா என்ற கறுப்பின இளவரசியின் கதையாக மாற்றித் திறந்தார்கள். ரசிகர்களில் பலர் கொதித்தார்கள், பலர் வரவேற்றார்கள். சறுக்கும் பள்ளம் அதேதான், கதைதான் வேறு. இந்த மாற்றம் சரி என்றே எனக்குப் படுகிறது. பழசு என்பதாலேயே ஒன்று நல்லது ஆகிவிடாது.

அவர் போன பிறகு

டிஸ்னிலேண்டைச் சுற்றி ஓட்டலும் கடையும் நெருக்கியதால், வளர இடம் வேண்டும் என்று ஃப்ளோரிடாவில் 27,000 ஏக்கருக்கும் மேல் வாங்கினார். ஆனால் காலம் இடம் தரவில்லை. ஓயாத சிகரெட். நுரையீரல் புற்றுநோய். 1966 டிசம்பர் 15-இல் 65 வயதில் காலமானார். ஓய்வு பெற இருந்த அண்ணன் ராய் அதைத் தள்ளிப்போட்டு, 1971 அக்டோபர் 1-இல் ஃப்ளோரிடா பூங்காவைத் தம்பி பெயரில் திறந்துவைத்தார். அதே டிசம்பரில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

2025 ஜூலை 17-இல், டிஸ்னிலேண்டின் 70-ஆம் ஆண்டில், வால்ட்டையே அசையும் பேசும் இயந்திரப் பொம்மையாகச் செய்து அரங்கேற்றினார்கள். அவர் ஆசை ஆசையாகச் செய்த லிங்கன் பொம்மை நின்ற அதே அரங்கில்! பேத்தி ஒருவர் வேண்டாம் என்று எதிர்த்தார். பழசு வெளியே, புதுசு உள்ளே என்ற விளையாட்டில் கடைசியில் அவரே ஒரு காட்சிப் பொருளாகிவிட்டார்.

மறுபடி எங்க ராட்டினம்

இதையெல்லாம் படித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. நாங்கள் மூணு பேரும் மாதக்கணக்கில் சண்டை போட்டோமே, ஒருவராவது அந்த ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்தோமா? ஒரு திருவிழா ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே நின்றோம். பிள்ளைகள் டிக்கெட் வாங்கும்போதே தனக்கென்று ஒரு குதிரையைக் குறி வைத்துவிடுகிறார்கள். பெரியவர் ஒவ்வொரு பிள்ளையையும் தூக்கி வைத்து, பிடியை இறுக்கிக் காட்டிவிட்டுத்தான் தள்ள ஆரம்பிக்கிறார். அழுகிற பிள்ளை இருந்தால் வேகத்தைக் குறைக்கிறார். ஒரு சுற்றுக்கு எட்டு விநாடிக்கு மேல்.

மாமாவிடம் கேட்டோம். எதை வேணாலும் மாத்துங்கடா, குதிரையை மட்டும் விட்டுடுங்க என்றார்.

அப்படியே செய்தோம். தேய்ந்த பேரிங்கை மாற்றினோம். 1440 ஆர்.பி.எம். மோட்டாரை 40-க்கு 1 வார்ம் கியர் பாக்ஸில் 36-ஆகக் குறைத்து, புல்லியில் இன்னும் ஐந்தில் ஒன்றாக்கி, நிமிஷத்துக்குச் சுமார் ஏழு சுற்றில் நிறுத்தினோம். அது பெரியவரின் நடை வேகம். புதுசு வேணும் என்ற நண்பனே உட்கார்ந்து குதிரைகளுக்கு உப்புத்தாள் தேய்த்துப் பெயின்ட் அடித்தான். போல்ட்டைத் தொடாதே என்றவன்தான் வெல்டிங்கைப் பிடித்தான்.

பெரியவர் இப்போது சுவிட்ச் பக்கத்தில் நிற்கிறார், பிள்ளைகளைத் தூக்கி வைக்கிறார். முதுகு வலி குறைஞ்சிருக்கு என்கிறார். ஆனால் இன்னொரு அண்ணனுக்கு வேலை இல்லை. மாமா தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அவர் இப்போது கான்ட்ராக்ட் கூலிக்குப் போகிறார். போன வாரம் மீஞ்சூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ப்ராஜெக்ட் எப்படிப் போச்சுப்பா என்று விசாரித்தார். நல்ல மார்க் அண்ணே என்றேன். அதுக்கு மேலே என்ன பேசுவது என்று தெரியவில்லை.

அதனால் அடுத்த வருஷம் ப்ராஜெக்ட் செய்யப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பழைய மெஷின் எதையாவது பிரிக்கப் போகிறீர்களா? முதலில் அதில் ஏறி உட்காருங்கள். பிறகு அதைத் தள்ளுகிறவரோடு ஒருநாள் தள்ளிப் பாருங்கள். அதற்கப்புறம் ஸ்பேனரை எடுங்கள். நாங்கள் முதல் பாதியைத்தான் செய்தோம்.