உங்கள் போன் கேட்கும் ‘நீ எந்த குரூப்?’ கேள்வி... அதன் பின்னால் இருக்கும் டென்னிஸ் ரிச்சி யார்?

புதிதாக ஓர் ஆப் இன்ஸ்டால் செய்கிறீர்கள். அது நெட்டைத் தொடலாமா, கூடாதா? ஆண்ட்ராய்டு போன்களில் இதற்கான பதில் நீண்ட காலம் ரொம்ப சிம்பிளாகத்தான் இருந்தது. ஒவ்வோர் ஆப்புக்கும் ஒரு தனிப் பயனர் எண். இணைய அனுமதி வாங்கிய ஆப்கள் எல்லாம் ‘ஐநெட்’ என்ற குழுவில் உறுப்பினர்கள். அந்தக் குழுவின் எண் 3003. ஆப் நெட்டுக்குப் போக முயலும்போது போனின் உள்மையமான கெர்னல் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: இந்தக் குழுவில் இது இருக்கா, இல்லையா? இருந்தால் கதவு திறக்கும். இல்லையென்றால் கிடையாது, அவ்வளவுதான்.

புதிய பதிப்புகளில் சரிபார்க்கும் முறை மாறிவிட்டது. ஆனால் ‘நீ யார், எந்தக் குழுவில் இருக்கிறாய்?’ என்று பார்த்து அனுமதி தரும் வழக்கம் போகவில்லை. அது யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் இருந்து வந்தது. யூனிக்ஸை உருவாக்கிய இருவரில் ஒருவர், சி மொழியைத் தந்தவர், டென்னிஸ் ரிச்சி. சக ஊழியர்களுக்கு அவர் ‘டிஎம்ஆர்’. அதுதான் அவருடைய லாக்-இன் பெயர்.

யார் இவர்? பார்ப்போம்.

அப்பா வேலை பார்த்த அதே லேப்

1941 செப்டம்பர் 9-ல் நியூயார்க் மாநிலத்தின் பிராங்க்ஸ்வில் ஊரில் பிறந்தார் டென்னிஸ் மாக்அலிஸ்டர் ரிச்சி. வளர்ந்தது நியூஜெர்சியில். அப்பா அலிஸ்டர் ரிச்சி, பெல் லேப்ஸ் விஞ்ஞானி. டெலிபோன் இணைப்புகளை மாற்றிவிடும் ஸ்விட்ச்சிங் சர்க்யூட்கள் பற்றிப் புத்தகம் எழுதியவர்களில் ஒருவர்.

டென்னிஸ் ஹார்வர்டில் இயற்பியல் படித்து 1963-ல் பட்டம் பெற்றார். பிறகு அங்கேயே கணிதத்தில் ஆராய்ச்சி. 1967-ல் பெல் லேப்ஸில் சேர்ந்தார். 1968-ல் ஆய்வேட்டையும் எழுதி முடித்தார். ஆனால் டாக்டர் பட்டம் வாங்கவில்லை! பைண்டிங் செய்த பிரதியை முறைப்படி நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அதை மட்டும் அவர் செய்யவே இல்லை. ஆய்வு முடிந்தது, பட்டியலில் பெயர் மட்டும் ஏறல. பல ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்த அந்த ஆய்வேட்டை, அவர் இறந்து 9 ஆண்டுகள் கழித்து, 2020-ல் அமெரிக்காவின் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் பொதுப் பார்வைக்கு வைத்தது.

கைவிடப்பட்ட திட்டத்தில் இருந்து வந்த யூனிக்ஸ்

1960-களில் கம்ப்யூட்டர் என்பது ஒரு பெரிய ஹால் சைஸ் மெஷின். பலர் ஒரே மெஷினை ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூன்றும் சேர்ந்து ‘மல்டிக்ஸ்’ என்ற இயங்குதளத்தை உருவாக்கின. திட்டம் இழுத்துக்கொண்டே போனது. 1969-ல் பெல் லேப்ஸ் வெளியேறியது.

ரிச்சியும் அவருடைய சகா கென் தாம்ஸனும் அந்தத் திட்டத்தில் வேலை பார்த்தவர்கள். திட்டம் போனாலும் அது தந்த அனுபவம் போகவில்லை. பலர் ஒரே மெஷினில் கூடி வேலை செய்யும் சூழல் அவர்களுக்கு வேண்டியிருந்தது. பிடிபி-7 என்ற சின்ன மெஷின் ஒன்றில் 1969-ல் தாம்ஸன் எழுதத் தொடங்கியதுதான் யூனிக்ஸ். அடுத்து பிடிபி-11 மெஷின் வந்தது. பெல் லேப்ஸின் காப்புரிமைப் பிரிவுக்கு ஆவணங்கள் தயாரித்துத் தருவதுதான் அதற்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை. 1971 நவம்பரில் யூனிக்ஸின் முதல் கையேடு தயாரானது.

சி மொழி ஏன் பெரிய மேட்டர்?

அந்தக் காலத்தில் இயங்குதளங்களைப் பெரும்பாலும் அந்தந்த மெஷினுக்கே உரிய அசெம்ப்ளி மொழியில் எழுதுவார்கள். மெஷின் மாறினால் எல்லாவற்றையும் முதலில் இருந்து எழுத வேண்டும். தாம்ஸன் உருவாக்கியிருந்த பி என்ற மொழியை எடுத்து வளர்த்து, 1970-களின் தொடக்கத்தில் சி மொழியை உருவாக்கினார் ரிச்சி. 1973-ல் யூனிக்ஸ் கெர்னலே சி மொழியில் திரும்ப எழுதப்பட்டது.

இதனால் என்ன ஆச்சு? யூனிக்ஸை வேறு கம்பெனி மெஷினுக்கும் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. சில ஆண்டுகளில் ரிச்சியும் ஸ்டீவ் ஜான்ஸனும் இன்டர்டேட்டா என்ற வேறு வகை மெஷினில் யூனிக்ஸை ஓட்டிக் காட்டினார்கள். 1978-ல் பிரையன் கெர்னிகனுடன் சேர்ந்து ரிச்சி எழுதிய சி மொழிப் புத்தகம் வந்தது. இன்றைக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் அதை இரண்டு ஆசிரியர்களின் முதலெழுத்தை வைத்து ‘கே அண்ட் ஆர்’ என்றுதான் சொல்கிறார்கள். இன்று போன்களில் ஓடும் லினக்ஸ் கெர்னலும் பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டதுதான்.

சரி, ‘குரூப்’ எப்போது வந்தது?

இங்கேதான் ஒரு சுவாரஸ்யமான விஷயம். 1974 ஜூலையில் ரிச்சியும் தாம்ஸனும் யூனிக்ஸைப் பற்றி உலகுக்குச் சொன்ன பிரபலமான கட்டுரை வெளியானது. அதன்படி, ஒவ்வொரு ஃபைலுக்கும் 7 பாதுகாப்பு பிட்கள். ஃபைலின் சொந்தக்காரர் படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா என்று 3. மற்ற எல்லோருக்கும் அதே மாதிரி 3. கூடுதலாக ஒரு சிறப்பு பிட். அதாவது, உலகத்தில் இரண்டே வகை ஆட்கள்தான்: நான், மற்றவர்கள்.

1978-ல் அந்தக் கட்டுரையின் திருத்திய வடிவம் வந்தபோது கணக்கு 10 பிட்களாகிவிட்டது. சொந்தக்காரருக்கு 3, குழுவுக்கு 3, மற்றவர்களுக்கு 3, சிறப்பு பிட் ஒன்று. ‘நான்’ என்பதற்கும் ‘மற்றவர்கள்’ என்பதற்கும் நடுவில் ‘நம்மாளுங்க’ என்று ஒரு வட்டம் சேர்ந்தது. ஒரு டீமில் வேலை செய்பவர்கள் ஒரே ஃபைலைப் பகிர வேண்டும், வெளியாள் தொடக் கூடாது என்றால் இது தேவைதானே? குழுவில் யார் யார் என்பது சாதாரண எழுத்தில் ஒரு ஃபைலில் இருக்கும். ‘குரூப்’ என்பதே அந்த ஃபைலின் பெயர்.

அந்தச் சிறப்பு பிட் ரிச்சியுடையது

கூடுதலாக இருந்த அந்த ஒரு பிட்தான் ‘செட்-யூஐடி’. இது ரிச்சியின் கண்டுபிடிப்பு. பாஸ்வேர்டு ஃபைலை அட்மின் மட்டும்தான் மாற்றலாம். ஆனால், ஒவ்வொருவரும் தன் பாஸ்வேர்டைத் தானே மாற்றிக்கொள்ளவும் வேண்டும். எப்படி? பாஸ்வேர்டு மாற்றும் நிரலை யார் இயக்கினாலும், அந்த நிரல் ஓடும்வரை மட்டும் அதன் சொந்தக்காரரின் அதிகாரம் அதற்குக் கிடைக்கும். அதிகாரம் நிரலுக்குத்தான், ஆளுக்கு இல்லை. 1973-ல் விண்ணப்பித்து 1979-ல் கிடைத்த இந்தக் காப்புரிமையை, ராயல்டி வாங்காமல் பொதுப் பயன்பாட்டுக்கே விட்டுவிட்டார்கள்.

ஒரு மெஷினில் இருந்து ஆபீஸ் முழுக்க: நெட்குரூப்

ரிச்சியும் தாம்ஸனும் உருவாக்கிய குழு ஒரே மெஷினுக்குள் இருந்தது. ஆனால், ஏடி அண்ட் டி நிறுவனம் பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த விலையில் சோர்ஸ் கோடுடன் யூனிக்ஸைக் கொடுக்க, அது வெளியே பரவி வளர்ந்தது. 1983-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பிஎஸ்டி பதிப்பில், ஒருவர் ஒரே நேரத்தில் பல குழுக்களில் இருக்கும் வசதி வந்தது.

அடுத்து நெட்வொர்க். ஓர் ஆபீஸில் 200 மெஷின் இருந்தால், 200 இடத்தில் பட்டியலை மாற்ற முடியுமா? 1980-களின் நடுவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் இதற்கு ஒரு வழி கொண்டுவந்தது. எல்லாப் பட்டியலும் மையமாக ஒரு சர்வரில் இருக்கும். மற்ற மெஷின்கள் அதனிடம் கேட்டுக்கொள்ளும். ‘யெல்லோ பேஜஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அது பிரிட்டிஷ் டெலிகாமின் வர்த்தகப் பெயர் என்பதால், ‘என்ஐஎஸ்’ என்று மாற்ற வேண்டியதாகிவிட்டது.

இதோடு வந்ததுதான் நெட்குரூப். சாதாரண குழுவில் ஆட்களின் பெயர் மட்டும் இருக்கும். நெட்குரூப்பில் ஒவ்வொரு பதிவும் மூன்று பகுதிகள் கொண்டது: எந்த மெஷின், எந்தப் பயனர், எந்த டொமைன். ஒரு நெட்குரூப்புக்குள் இன்னொரு நெட்குரூப்பையும் போடலாம். ஃபைலைத் திறக்கும் உரிமைக்கு இதைப் பார்ப்பதில்லை. எந்த மெஷினில் இருந்து யார் உள்ளே வரலாம், எந்த மெஷின் இந்த டிஸ்க்கை நெட்வொர்க் வழியாக இணைக்கலாம் என்பதற்குத்தான்.

உறுப்பினரா என்று எப்படிப் பார்ப்பது?

லினக்ஸ் சர்வர்களோடு வேலை பார்ப்பவர்களுக்கு இது தினப்படி தேவை. ‘ஐடி’ என்ற கமாண்ட் கொடுத்தால் நீங்கள் இருக்கும் சாதாரண குழுக்கள் தெரியும். ஆனால், நெட்குரூப் அதில் வராது! பலர் குழம்புவது இங்கேதான்.

நெட்குரூப்புக்கு ‘கெட்என்ட்’ கமாண்டில் ‘நெட்குரூப்’ என்று எழுதி, பக்கத்தில் குழுவின் பெயரைக் கொடுக்க வேண்டும். எல்லா நெட்குரூப்களையும் மொத்தமாகக் காட்டு என்றால் காட்டாது. பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். நிரல் எழுதுபவர்களுக்கு ‘இன்நெட்ஜிஆர்’ என்ற செயல்கூறு இருக்கிறது. குழு, மெஷின், பயனர், டொமைன் நான்கையும் கொடுத்தால் உறுப்பினர் என்றால் 1, இல்லையென்றால் 0 என்று பதில் வரும். எங்கே போய்த் தேட வேண்டும், என்ஐஎஸ்-ஸிலா, எல்டாப் சர்வரிலா என்பதை ‘என்எஸ்ஸ்விட்ச்’ என்ற அமைப்பு ஃபைல் சொல்லும்.

கவனிக்க வேண்டிய மூன்று விஷயங்கள்:

* காலி இடம் ஆபத்து: நெட்குரூப் பதிவில் மெஷின் பெயரை எழுதாமல் காலியாக விட்டால், ‘யாரும் இல்லை’ என்று அர்த்தம் இல்லை, ‘எந்த மெஷினாக இருந்தாலும் சரி’ என்று அர்த்தம். யாரும் வேண்டாம் என்றால் சின்னக் கோடு போட வேண்டும். ஒரு கோடு விட்டுப்போனால் கதவு முழுசாகத் திறந்துவிடும்.
* 16-க்கு மேல் கணக்கில் வராது: என்எஃப்எஸ் வழியாக ஃபைல் பகிரும்போது, வழக்கமான அடையாள முறையில் ஒருவரின் 16 கூடுதல் குழுக்கள் வரைதான் சர்வருக்குப் போகும். 17-வது குழுவில் உரிமை இருந்தும் ‘அனுமதி இல்லை’ என்று வந்தால் இதுவும் காரணமாக இருக்கலாம்.
* பெயரை எடுங்கள்: ஒருவர் வேலையை விட்டுப் போனாலும், வேறு டீமுக்கு மாறினாலும் குழுவில் இருந்து அவர் பெயர் தானாக நீங்காது. யாராவது நீக்க வேண்டும்.

1988: நம்பிக்கைப் பட்டியல் உடைந்தது

இதில் அப்படி என்ன ஆபத்து? 1988 நவம்பர் 2 பதில் சொன்னது. அன்று இரவு ஒரு மாணவர் விட்ட ‘வார்ம்’ நிரல், யூனிக்ஸ் மெஷின்களில் மளமளவெனப் பரவியது. அது பயன்படுத்திய வழிகளில் ஒன்று, ஒரு மெஷின் இன்னொன்றைப் பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விடும் நம்பிக்கைப் பட்டியல்கள். ஒரு மெஷின் விழுந்தால், அதை நம்பிய மெஷின்களும் விழுந்தன.

இன்னொரு வழி, சி மொழியின் நூலகத்தில் இருந்த ஒரு செயல்கூறு. உள்ளே வரும் எழுத்துகளின் நீளத்தை அது சரிபார்க்கவே செய்யாது. புரோகிராமரை நம்பி எல்லாச் சுதந்திரமும் கொடுப்பது சி மொழியின் பலம், அதுவே பலவீனமும்கூட. நினைவகப் பிழைகளால் வரும் பாதுகாப்பு ஓட்டைகள் இன்றும் தொடர்கின்றன. புதிய மொழிகளுக்கு மாறலாமா என்ற விவாதமும் அதனால்தான். அந்தச் செயல்கூறு 2011-ல் வந்த சி தரநிலையில் ஒருவழியாக நீக்கப்பட்டது. ரிச்சி இறந்ததும் அதே ஆண்டில்தான்.

ஜாப்ஸுக்கு அடுத்த வாரம்

விருதுகளுக்குக் குறைவில்லை. 1983-ல் தாம்ஸனுடன் சேர்ந்து டூரிங் விருது. அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் 1998-ம் ஆண்டுக்காக இருவருக்கும் அறிவிக்கப்பட்டு, 1999-ல் அதிபர் கிளின்டன் கையால் வழங்கப்பட்டது. 2011-ல் ஜப்பான் பரிசு. ஆனால், ரிச்சி மேடை தேடிப் போகிற ஆள் இல்லை. கம்பெனி தொடங்கவில்லை. பெல் லேப்ஸ், பிறகு லூசென்ட் என்று பெயர்ப்பலகை மாறினாலும் 40 ஆண்டுகள் அதே ஆராய்ச்சி வேலை; 2007-ல் ஓய்வு. ‘பிளான் 9’, ‘இன்ஃபெர்னோ’ என்ற அடுத்தகட்ட இயங்குதளங்களிலும் அவர் பங்கு உண்டு.

2011 அக்டோபர் 5-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்தபோது உலகமே பேசியது. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 12-ல், நியூஜெர்சியின் பெர்க்லி ஹைட்ஸ் ஊரில் தனியாக வசித்துவந்த வீட்டில் ரிச்சி இறந்துகிடந்தார். வயது 70. சில காலமாக உடல்நலம் சரியில்லை. எந்த நாளில் உயிர் பிரிந்தது என்றுகூடச் சரியாகத் தெரியல. முன்னாள் சகா ராப் பைக் வெளியே சொன்ன பிறகுதான் செய்தி பரவியது. ஐபோன், மேக் இரண்டின் அடியிலும் யூனிக்ஸ் வழி வந்த அமைப்புதான் ஓடுகிறது என்பது அந்த வாரம் பலருக்குப் புதுத் தகவல்.

294727 என்ற எண் கொண்ட சிறுகோள் ஒன்றுக்கு இப்போது அவர் பெயர். அதைத் தேடிப் பார்க்க டெலஸ்கோப் வேண்டும். அவருடைய வேலையைப் பார்க்க அது தேவையில்லை. அடுத்த முறை ஆபீஸ் சர்வரில் ‘அனுமதி இல்லை’ என்று வந்தால் அட்மினைத் திட்டுவதற்கு முன், நீங்கள் எந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்று ஒரு தடவை பாருங்கள். அப்படியே, இருக்கக் கூடாத யாராவது அதில் இன்னும் இருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள்.